வழி சொல்லாத நூல்

நூல் ஒன்று செய்தால் அதன் முகப்பில் இன்னின்ன செய்திகள் இருத்தல் வேண்டும் என்று நம் இலக்கண ஆசிரியர்கள் வரையறுத்திருக்கின்றனர். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், சிறப்புப் பாயிரம் கூறவேண்டிய பொருள்கள் எட்டு என்று எண்ணிக் காட்டுகிறார். அவற்றுள் முதலாவது ஆக்கியோன் பெயர், இரண்டாவது வழி. வழி என்பது, இந்நூல் எதனை முதலாகக் கொண்டு பிறந்தது என்னும் செய்தியாகும். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நூல்களை மூவகையாகப் பகுத்த தமிழர், பிறர் செய்ததைப் பின்பற்றி எழுதுவதைக் குற்றமாகக் கருதினாரில்லை. பின்பற்றினால் அதனைப் பாயிரத்திலே சொல்லிவிடு என்பதே அவர் விதித்த விதி.

மேடையேறிப் பேசுவோர்க்கும் இவ்விதி உரியதாகுமா? கிறிஸ்தவ பாதிரிமாரின் சரித்திரத்தைப் பார்த்தால், இக்கேள்வி 1500 வருஷங்களுக்கு மேலாக அவர்களிடையே இருந்து வருவது புலனாகும். அச்சரித்திரத்தில் தமிழ்நாட்டுக்கு உரிய பக்கமும் ஒன்று உண்டு. சாதி வழக்கங்களைக் கண்டிக்கும்போது நம்மவர் பலர் கண்கண்ட சாட்சியாக எடுத்துக்காட்டும் புத்தகம் ஒன்றைப் பற்றியது அது. ஆதலின் அதனை நேயர்களுக்கு எடுத்துரைக்க முன்வந்தோம். எம்மதத்தையும் ஏசுவது நம் நோக்கமன்று. கதாப்பிரசங்கியார், சங்கப் பேச்சாளர், கல்யாணப் பந்தலில் வாழ்த்துரை வழங்குவோர் ஆகிய எல்லாரிடத்தும் இரவல் சரக்கு உண்டென்பதை நேயர்கள் அறிவார்கள்.

இரவல் பிரசங்கம்

எபிரேயத் தீர்க்கதரிசியான எரேமியா, ஒருவர் சொல்லை ஒருவர் திருடிக்கொண்டு அதனைத் தேவவாக்கு என்று வழங்கிய போலித் தீர்க்கதரிசிகளைத் தம் ஆகமத்தின் 23ஆம் அதிகாரத்தில் கடிந்திருக்கிறார். இவ்வாக்கை முன்வைத்து, பிறர் எழுதிய பிரசங்கத்தைப் பாதிரியார் ஒருவர் மனப்பாடம் செய்து பேசலாமா என்று ஆராய்ந்தவர் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து மேற்றிராணியாராயிருந்த அகுஸ்தீன். கிறிஸ்தவ போதனையைப் பற்றிய தமது நூலை அவர் 427ஆம் வருஷத்தை ஒட்டி முடித்தார். அதன் நான்காம் பகுதியில் அவர் சொல்லும் தீர்ப்பு விந்தையானது. நன்றாகப் பேசும் திறமை இருந்தும் எழுதும் திறமை இல்லாதவர், அறிவும் நயமும் பொருந்தப் பிறர் எழுதியதைக் கற்றுச் சபைக்குச் சொல்லலாம்; அதில் குற்றமில்லை. தேவவசனம் அதற்குக் கீழ்ப்படிந்து நடப்பவன் பொருள். நல்லதைப் பேசிக்கொண்டு கெட்டதைச் செய்கிறவனே அயலான் பொருளைக் கவர்ந்த கள்வன். இதுவே அவர் கருத்து.

இத்தீர்ப்பின் நிழலில் ஐரோப்பாவில் இரவல் பிரசங்கம் ஒரு முறையாகவே வளர்ந்தது. கிராமத்துப் பாதிரிமாரில் பலர் அதிகம் கற்றவரல்லர். அவர்களுக்காகப் பிரசங்கத் தொகுதிகள் செய்யப்பட்டன. 15ஆம் நூற்றாண்டில் பெருவழக்காயிருந்த தொகுதி ஒன்றுக்கு இலத்தீனில் ‘கவலையின்றி உறங்கு’ என்றே பெயர். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் கையில் ஆயத்தமாயிருக்க, சனிக்கிழமை இரவு விழித்திருப்பானேன் என்பது அதன் குறிப்பு! இங்கிலாந்திலோ அரசாங்கமே இவ்வேலையை ஏற்றுக்கொண்டது. 1547ஆம் வருஷத்தில் 12 பிரசங்கங்கள் அடங்கிய புத்தகம் ஒன்றை வெளியிட்டு, பிரசங்க உரிமை பெறாத பாதிரிமார் அதனையே கோயில்களில் வாசிக்கவேண்டும் என்று கட்டளையிட்டனர். பின்னர் இரண்டாம் புத்தகமும் வந்தது.

இவற்றில் களவு யாதொன்றும் இல்லை. வாசிப்பவர் வாசிக்கிறார், கேட்பவர் அது வாசிக்கப்படுவதை அறிந்தே கேட்கிறார். இன்றைக்கும் ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கங்களில், பட்டணத்துப் பாதிரியார் வர இயலாத ஞாயிற்றுக்கிழமையில் மூப்பர் ஒருவர் அச்சிட்ட பிரசங்கத்தைச் சபைமுன் விரித்து வாசித்தால், அவரைக் கள்வர் என்று யார் சொல்வார்? புத்தகம் அவர் கையில் இருக்கிறது. எல்லார் கண்ணும் அதைப் பார்க்கிறது.

களவு தொடங்கிய இடம் வேறு. 1769ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஜான் டிரஸ்லர் என்னும் பாதிரியார் ஒரு புதிய வியாபாரத்தைத் தொடங்கினார். சுமார் 150 பிரசங்கங்களைப் பிரசங்கம் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் விலையில் அச்சிட்டு விற்பதாகப் பாதிரிமாருக்கெல்லாம் சுற்றறிக்கை விடுத்தார். அச்சென்றால் மாமூல் அச்சன்று. கையெழுத்தைப் போலவே தோன்றும் எழுத்துக்களால் ஆன அச்சு! கோயிலின் மேல்மாடத்தில் அமர்ந்திருப்போர் எட்டிப் பார்த்தாலும், பாதிரியார் இராமுழுதும் கண்விழித்துத் தம் கையாலே எழுதியது என்றே நினைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. பிரசங்கம் வாங்கினதில் இல்லாத குற்றம் இந்த எழுத்து வடிவத்தில் வந்து ஏறிவிட்டது காண்க. மறைக்கவேண்டும் என்ற எண்ணம் பிறந்தவுடன் இரவல் களவாகிறது.

அமெரிக்காவிலும் ஒரு வழக்கு நடந்தது. பிலதெல்பியா நகரத்தில் சாமுவேல் ஹெம்பில் என்னும் இளம் பிரசங்கியார் நயமாகப் பேசிப் பெருங்கூட்டம் சேர்த்தார். பெஞ்சமின் பிராங்க்ளினும் அவரிடம் ஈடுபட்டவர்களில் ஒருவர். கொள்கை மாறுபாடு பற்றி 1735ஆம் வருஷத்தில் சபையார் அவர்மீது குற்றம் சாட்டியபோது, பிராங்க்ளின் அவருக்காகத் துண்டுப் பிரசுரங்கள் எழுதி வாதாடினார். அந்நேரத்தில் எதிரிகளில் ஒருவர், ஹெம்பில் பேசிய பிரசங்கம் ஒன்றின் பகுதி வேறொருவர் எழுதி அச்சில் வந்தது என்று கண்டுபிடித்துவிட்டார். பேசிய பிரசங்கங்களில் ஒன்றும் தமதன்று என்று ஹெம்பிலும் பிராங்க்ளினிடம் ஒப்புக்கொண்டார். ஒருமுறை படித்தால் அப்படியே திருப்பிச் சொல்லும் ஞாபகசக்தி அவருக்கு இருந்ததாம்! கூட்டம் கலைந்தது. பிராங்க்ளின் மட்டும் அசையவில்லை. சொந்தமாகச் செய்த மட்டமான பிரசங்கத்தைவிடப் பிறர் செய்த நல்ல பிரசங்கமே தமக்கு வேண்டும் என்று தம் சுயசரிதையில் எழுதி வைத்தார்.

பிராங்க்ளின் சொன்னது கேட்க இனிக்கிறது. ஆனால் அது சாப்பாட்டுக் கடைக்கு வந்தவர் பேசும் பேச்சாகும். பண்டம் ருசியாயிருந்தால் போதும், சமைத்தவர் யாராயிருந்தால் என்ன என்பது அவர் வாதம். பிரசங்கமோ வெறும் பண்டமன்று. ‘நான் கண்டேன், நான் வருந்தினேன், எனக்கு இன்னது விளங்கிற்று’ என்று ஒருவர் சபைமுன் நின்று சொல்லும்போது, அவர் சாட்சி சொல்கிறார். சாட்சியை இரவல் வாங்க முடியாது. நீதிஸ்தலத்தில் ஒருவர் கண்டதை வேறொருவர் தாம் கண்டதாகச் சொன்னால், சொன்னது முழுதும் உண்மையேயானாலும் அது பொய்ச்சாட்சிதான்.

இது பழங்கதையும் அன்று. 2021ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் தென்பகுதி பாப்திஸ்து சபைகளின் பேரவைக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எட் லிட்டன், தமக்கு முந்திய தலைவரான ஜே. டி. கிரியர் பேசிய பிரசங்கத்தின் பகுதிகளைத் தம் சபையில் தமதுபோலவே பேசியிருந்தார் என்பது ஒலி, ஒளிப் பதிவுகளால் வெளியாயிற்று. அதனைப் பயன்படுத்தக் கிரியர் முன்னரே அனுமதி அளித்திருந்தார். ஆயினும் பெயரைச் சொல்லாமைக்கு லிட்டன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 2022ஆம் வருஷத்தில் மறுமுறை தலைமைக்கு நிற்கவில்லை. உடையவர் அனுமதித்தபின் குற்றம் எங்கே என்று சிலர் கேட்டனர். உடையவருக்குச் செய்த குற்றம் இல்லாதிருக்கலாம். கேட்டவருக்குச் செய்த குற்றம் இருக்கிறது. அவர்களைத்தானே நம்பச் செய்தது?

புதுச்சேரி ஏடு

இனித் தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு வருவோம். இது பிரசங்கத்தைப் பற்றியதன்று, புத்தகத்தைப் பற்றியது. எனினும் ஒரு பாதிரியார் மற்றொரு பாதிரியாரின் சாட்சியைத் தமதாக்கிக்கொண்ட வரலாறே இதுவும்.

அபே துபுவா என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1792ஆம் வருஷத்தில் தென்னாட்டுக்கு வந்தார். அவர் பாரிஸ் வெளிநாட்டு வேதபோதகச் சபையைச் சேர்ந்தவர். சிலாங்கூர்வாசிகளுக்கு இச்சபை புதிதன்று. 1883ஆம் வருஷத்தில் கோலாலம்பூரில் அர்ச். அருளப்பர் கோயிலைத் தொடங்கிய லெத்தெசியே பாதிரியாரும் இச்சபையினரே. 1799ஆம் வருஷத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் துபுவா மைசூர் நாட்டில் உழைத்தார். நாட்டு உடை உடுத்து, நாட்டு உணவு உண்டு, ஜனங்களோடு கலந்து வாழ்ந்தார். அம்மை குத்துதலைப் பரப்புவதற்கும் பாடுபட்டார். இவையெல்லாம் அவருக்குரிய பெருமைகள். இவற்றை நாம் மறுக்கவில்லை.

இந்துக்களின் ஒழுக்கம், வழக்கம், சடங்கு ஆகியவற்றைப் பற்றி அவர் பிரெஞ்சில் எழுதிய பெருநூலின் கையெழுத்துப் பிரதியை, 1807ஆம் வருஷத்தில் கும்பெனியார் 2000 நட்சத்திர வராகன் கொடுத்து வாங்கினர். சென்னைக் கவர்னர் பெண்டிங்கு பிரபு அதனை மெச்சினார். 1816ஆம் வருஷத்தில் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு லண்டனில் வெளிவந்தது. துபுவா 1823இல் தாய்நாடு திரும்பினார். 1825இல் திருத்தமான பிரெஞ்சுப் பதிப்பும், 1897இல் போஷாம்பு என்பவரின் புதிய இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் வந்தன. பின்னதற்கு முகவுரைக் குறிப்பு வழங்கியவர் மாக்ஸ் முல்லர். இந்தியாவைக் கண்ணால் காணாத மாக்ஸ் முல்லரும், ஆளவந்த வெள்ளைத்துரைகளும், பின்வந்த சீர்திருத்தக்காரரும் எல்லாருமே இந்நூலை நேரில் கண்டவர் வாக்குமூலமாக ஏற்றுக்கொண்டனர். நெடுங்காலம் ஜனங்களோடு வாழ்ந்து திரட்டிய செய்தி என்பதுதான் அந்நூலுக்கிருந்த மதிப்பின் அடிப்படை.

1987ஆம் வருஷத்தில் இவ்வடிப்படை ஆட்டங்கண்டது. சில்வியா முர் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் லண்டன் இந்தியா ஆபீஸ் நூலகத்திலிருந்த பழைய பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதி ஒன்றை ஆராய்ந்து, அதனை அச்சிட்டு, இரண்டு பாகங்களாகத் தம் முடிவுகளை வெளியிட்டார். அப்பிரதி 1777ஆம் வருஷத்தது. தெவோ என்னும் பிரெஞ்சுப் படை அதிகாரியின் வழியாக வந்தது. துபுவாவின் நூலையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, பொருளடைவும் செய்திகளும் சொற்போக்கும் மிகப் பல இடங்களில் ஒன்றாகவே நின்றன. துபுவா இந்தியாவில் கால் வைப்பதற்கு 15 வருஷம் முன்னே எழுதப்பட்ட ஏட்டில் துபுவாவின் நூல் இருப்பது எப்படி? இரண்டுக்கும் மூலம் ஒன்று. அம்மூலத்தை எழுதியவர் புதுச்சேரியில் வாழ்ந்த கேர்தூ என்னும் இயேசு சபைப் பாதிரியார் என்பது முர் அம்மையாரின் முடிவு. அறிஞர் உலகம் இதனை ஏற்றுக்கொண்டது.

கேர்தூ 1691இல் பிறந்தவர். தெலுங்கு, கன்னட, தமிழ் நாடுகளில் உழைத்து, 1779இல் புதுச்சேரியில் உயிர்நீத்தவர். சம்ஸ்கிருதமும் தெலுங்கும் வல்லவர். அவர் இறப்பதற்கு ஆறு வருஷம் முன்னே, 1773இல், போப்பாண்டவர் இயேசு சபையைக் கலைத்துவிட்டார். 1776இல் புதுச்சேரி வேதபோதக வேலை பாரிஸ் சபையார் கைக்கு மாறிற்று. சபை போயிற்று, முதியவர் இருந்தார், அவர் ஏடுகள் இருந்தன. அவற்றுக்குப் பரிந்து பேசத் தக்கவர் இல்லை. அவ்விடத்துக்குப் பதினாறு வருஷம் கழித்து வந்து சேர்ந்த இளம்பாதிரியார் துபுவாவுக்கு அவ்வேட்டின் செய்திகள் எட்டும் நிலையில் இருந்தன. எட்டின, பயன்பட்டன. ஆனால் தம் நூலுக்கு மூலம் கேர்தூவின் ஏடு என்பதை அவர் தெரிவிக்கவில்லை. பவணந்தியார் இரண்டாவதாக வைத்த ‘வழி’ அங்கே விடுபட்டுப்போயிற்று.

கேர்தூவுக்கு நேர்ந்த இழப்பு இது ஒன்று மட்டுமன்று. சம்ஸ்கிருதத்துக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உறவு உண்டு என்பதைச் சொற்பட்டியல்களோடு எழுதி, 1767ஆம் வருஷத்தில் அவர் பிரெஞ்சு அகாதமிக்கு அனுப்பினார். அகாதமி அதனை 1808இல்தான் அச்சேற்றியது. அதற்குள் 1786இல் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் நிகழ்த்திய பேருரையால் அக்கண்டுபிடிப்பு ஜோன்ஸ் பெயரில் நிலைத்துவிட்டது. ஜோன்ஸ் அதனைத் திருடவில்லை, அகாதமி தூங்கிவிட்டது. எனினும் ஒரே மனிதரின் வாழ்நாள் உழைப்பு ஒரு பக்கம் உறக்கத்தாலும் மறுபக்கம் மௌனத்தாலும் பெயரிழந்து போனதை எண்ணினால் நெஞ்சு வருந்துகிறது.

கெட்டது யாருக்கு?

நூல் நல்ல நூல்தானே, எழுதியவர் கேர்தூவாயிருந்தால் என்ன, துபுவாவாயிருந்தால் என்ன என்று பிராங்க்ளினைப்போல் கேட்போர் இப்போதும் இருப்பர். அவர்களுக்கு விடை சொல்வோம்.

சரித்திரத்துக்குக் காலமும் இடமுமே கண்கள். துபுவாவின் நூலை, 1800ஆம் வருஷத்தை ஒட்டி மைசூர் நாட்டில் ஒருவர் கண்ட காட்சி என்று நாம் படித்து வந்தோம். அதன் பெரும்பகுதி ஒரு தலைமுறைக்கு முன்பு வேறொருவர் திரட்டியது என்றால், அச்சடங்குகள் எப்போது, எந்நாட்டில், எச்சாதியாரிடம் நடந்தன என்பதை மறுபடி முதலிலிருந்து கேட்கவேண்டியதாகிறது. 1799இன் போருக்குப் பின்னும் அவ்வழக்கம் இருந்ததா, முன்னரே மறைந்ததா என்பது தெரியாமற் போகிறது. சாதிக் கொடுமைக்குத் துபுவாவைச் சாட்சிக்கு அழைத்த நம் சீர்திருத்தப் பேச்சாளர்கள், தாம் அழைத்த சாட்சி ஒருவர், பேசிய சாட்சி வேறொருவர் என்பதை அறியாமல் வாதாடினார்கள். கொடுமை பொய்யாகிவிடாது, ஆனால் எதிர்வாதி இந்த ஓட்டையைக் கண்டுகொண்டால் நம் வழக்கு பலவீனப்படும். சீர்திருத்தம் பேசுவோர்க்குச் சான்று சுத்தமாயிருத்தல் மற்றெவரைக் காட்டினும் அவசியம். வைதிகர் தம் ஐதிகத்தை நம்பச் சொல்கிறார். நாம் ஆராய்ந்து பார்க்கச் சொல்கிறோம். ஆராயச் சொல்பவர் தாமே ஆராயாமல் இருக்கலாமா?

இனி, கேர்தூவையும் நாம் முழு நிரபராதியாக எண்ணிவிடலாகாது. சோழமண்டலக் கரையில் நெய்து சாயம் தீட்டிய துணிகளுக்கு ஐரோப்பாவில் பெருங்கிராக்கி இருந்த காலம் அது. அச்சாயத் தொழிலின் இரகசியம் பிரான்சுக்கு வேண்டியிருந்தது. கேர்தூ, புதிதாகக் கிறிஸ்தவரான சாயத் தொழிலாளரைக் கேட்டுக் கேட்டு, துணியைக் கடுக்காயில் தோய்ப்பது முதல் சாயம் ஏற்றுவது வரை முறை முறையாகத் தெரிந்துகொண்டு, 1742ஆம் வருஷத்தில் நீண்ட கடிதமாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். அது அச்சிலும் வந்தது. கடிதம் இன்றும் கேர்தூவின் பெயரால் வழங்குகிறது. தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தால் அவ்வித்தையை வளர்த்தவர்களின் பெயர்களைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை.

துபுவா கேர்தூவின் பெயரை விழுங்கினார். கேர்தூவின் புகழுக்குக் கீழே சாயக்காரர் பெயர் புதைந்தது. ஏணியின் அடிப்படியில் நிற்பவன் எப்போதும் உழைப்பாளியாகவே இருக்கிறான். 1987இல் கேர்தூவுக்கு நியாயம் வழங்க ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். அவருடைய ஏட்டின் ஒரு வடிவமேனும் ஒரு நூலகத்தில் தங்கியிருந்தது. சாயக்காரருக்கு எந்த நூலகத்தில் ஏடு இருக்கிறது? நம் தோட்டங்களிலிருந்து கப்பலேறிய ரப்பர்த் தகட்டில் கம்பெனியின் முத்திரை இருந்தது. பால்மரம் சீவியவர் பெயர் செக்ரோலில் மட்டும் இருந்தது. அந்தச் செக்ரோல் புத்தகங்களில் எத்தனை இன்று மிஞ்சியிருக்கின்றன?

நாம் செய்யத்தக்கது

மேற்சொன்ன வரலாறு நமக்கு நேராகவே பயன்படும். கோலசிலாங்கூர் தொடங்கி 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை வரையிலும், அப்பால் ரவாங் பக்கத்திலும் தோட்டத்து வாழ்வு மாறிவிட்டது. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. லயங்களில் பிறந்தோர் பட்டணங்களில் குடியேறுகின்றனர். பழைய நாட்களைச் சொல்ல வல்ல முதியோர் வருஷந்தோறும் குறைந்து வருகின்றனர். சயாம் மரண ரயில்பாதைக்கு 1942, 1943ஆம் வருஷங்களில் கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றியும், தாலாட்டு, ஒப்பாரி, தோட்டத்துத் திருவிழா முதலியவற்றைப் பற்றியும் அவர்களிடம் கேட்டெழுத நம் பிள்ளைகள் முன்வருகின்றனர். இது போற்றத்தக்க முயற்சி.

அப்பிள்ளைகளுக்கு நாம் கூறுவது இதுவே. ஒரு மூதாட்டி பாடியதை எழுதினால், அவர் இசைவு பெற்று அவர் பெயரையும், அவர் வாழ்ந்த தோட்டத்தையும், கேட்ட வருஷத்தையும் சேர்த்து எழுதுங்கள். அவர் பெயரை வெளியிட விரும்பாவிட்டால், பெயர் வேண்டாமென்றார் என்பதையாவது எழுதுங்கள். அவர் தாம் கண்டதைச் சொன்னாரா, தம் தாயார் சொல்லக் கேட்டதைச் சொன்னாரா என்பதைப் பிரித்துக் காட்டுங்கள். முன்பொருவர் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்தால் எடுத்தோம் என்று சொல்லுங்கள். இவ்வளவும் செய்ய ஒரு வரி போதும்.

சங்க மேடைகளில் பேசுவோரும், கோயிலில் பிரசங்கிப்போரும், பள்ளி ஆண்டுவிழாவில் தலைமை வகிப்போரும் இவ்வழியையே கைக்கொள்ளலாம். ‘இதனை இன்னாரிடம் கற்றேன்’ என்று சொல்வதால் ஒருவர் மதிப்புக் குறைந்துபோவதில்லை. அகுஸ்தீன் பிறர் பிரசங்கத்தைப் பேச அனுமதித்தார். பவணந்தியார் பிறர் நூலைத் தழுவ அனுமதித்தார். ஒருவர் பேசுபவனின் நடத்தை சுத்தமாயிருக்கவேண்டும் என்றார். மற்றவர் வழியைச் சொல்லவேண்டும் என்றார். நம் மட்டில் இவ்விரண்டும் ஒன்றே. கேட்போர் நம்மை நம்பித் தம் காதைத் தருகின்றனர். எவரேனும் மேடையில் முழங்கினால், அன்பர்களே, கைதட்டுவதற்கு முன் எழுந்து நின்று மரியாதையாக ஒன்று கேளுங்கள்: ஐயா, இதற்கு வழி யாது?